ஸ்கெச்அப்பில் டஸ்கன் தூண்: சரிவருமா?

திருகோணமலையில் வீட்டு முகப்புக்கு டஸ்கன் தூண், அதாவது ரோமானிய பாணியின் எளிய வட்டத் தூண், கேட்பவர்களுக்கு ஸ்கெச்அப் என்ற முப்பரிமாண வரைதல் மென்பொருள் போதும். ஆனால் நெளிவரித் தூண் (தண்டில் மேலிருந்து கீழாகக் குழிவரிகள் ஓடும் தூண்) என்றால் கை கடிக்கும்.

10 அடி 6 அங்குலத் தூணை எடுப்போம். டஸ்கன் முறையில் உயரம் அடிவிட்டத்தின் 7 மடங்கு. ஆக விட்டம் 18 அங்குலம். அடித்தளம் 9 அங்குலம், தலைப்பகுதி 9 அங்குலம், நடுத்தண்டு 9 அடி. தண்டின் கீழ் 3 அடி நேராக நிற்கட்டும், மேல் 6 அடியில் 15 அங்குலத்துக்கு மெல்ல ஒடுங்கட்டும். நேர்கோட்டில் ஒடுக்கினால் புனல்தான் வரும்.

அரைப்பக்க வெட்டுருவத்தை வரைந்து, அடியில் வரைந்த வட்டத்தைத் தெரிவுசெய்து, உருவத்தை ஒரு பாதை வழியே இழுக்கும் 'ஃபாலோ மீ' கருவியைக் கொடுத்தால் தூண் எழும்பும். வட்டத்துக்கு இயல்பாக 24 பக்கங்களே. வரையும்போதே 48 ஆக்குங்கள். அடிப்பலகையும் மேற்பலகையும் சதுரம், அவற்றை முகத்தை இழுத்து உயர்த்தும் 'புஷ்/புல்' கருவி கொண்டு தனியே எழுப்புங்கள். இவற்றையும் சுழற்றிவிட்டுத் தட்டு அடுக்கியதுபோல் விடுபவர்கள் அதிகம்.

சிறு வளைவுகளில் முகங்கள் (பரப்புகள்) காணாமல் போவது ஸ்கெச்அப்பின் பழைய நோய். மிகச் சிறிய விளிம்புகளை அது இணைக்காது. 100 மடங்கு பெருப்பித்துச் செய்து, பிறகு சுருக்கினால் தப்பலாம். முடிந்ததும் தூணைக் கொம்போனன்ட் (பிரதிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் கூறு) ஆக்குங்கள். ஒன்றைத் திருத்தினால் எல்லாம் திருந்தும்.

ஒடுங்கும் தண்டில் 24 நெளிவரி குடைய 'ஃபாலோ மீ' உதவாது. அதற்கு ரைனோ என்ற இன்னொரு முப்பரிமாண மென்பொருள் நல்லது.