தோட்டப் பட்டணத்துக்கு எந்த வங்கி? செயலியை வைத்து ஒரு மதிப்பீடு

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் வங்கியைத் தேர்ந்தெடுக்க முன்பு ஒரே கேள்விதான்: கிளை எங்கே இருக்கிறது? 2018-இல் அந்தக் கேள்வியின் பலம் குறைந்தது. அந்த ஆண்டு ஜூலையில், 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான உடனடிப் பணமாற்றத்துக்குத் தனிநபர்களிடம் வாங்கிய 50 காசு நீங்கியது. டிசம்பரில் டுயிட்நவ் என்ற உடனடிப் பணமாற்றச் சேவை வந்தது. கணக்கு எண் வேண்டாம், ஹேண்ட்போன் எண்ணோ ஐசி (அடையாள அட்டை) எண்ணோ போதும். இந்தப் பாதை பேநெட் நிறுவனத்துடையது, வங்கிகளுக்கெல்லாம் பொது. ஆகவே பெரிய வங்கியானாலும் சின்ன வங்கியானாலும் பணம் ஒரே வேகத்தில்தான் போய்ச் சேர்கிறது. ஒன்றை ஒன்று முந்துவது செயலியிலும் அதன் பின்னால் ஓடும் கணினியிலும்தான்.

சம்பளக் கணக்கு, பட்டணத்தில் ஏடிஎம் வைத்திருக்கும் வங்கியிலேயே இருக்கட்டும். வேறு வங்கியின் இயந்திரத்தில் எடுத்தால் தடவைக்கு 1 வெள்ளி போகும். ஐம்பது ஐம்பதாக எடுப்பவருக்கு அது 2 விழுக்காடு.

கடைக்காரர் பார்க்க வேண்டியது வேறு. கல்லாப் பக்கம் ஒட்டிய கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து தொகையைத் தட்டுவது வாங்க வந்தவர். 3.50 வெள்ளி 35 ஆகலாம், 0.35-உம் ஆகலாம். அவர் நீட்டும் திரையை வைத்து முடிவு செய்யக் கூடாது, பழைய ரசீதைத் திருத்திக் காட்டுவது சுலபம். கடையின் சொந்தச் செயலியில் வரவு விழுந்த பிறகே சாமான் கைமாற வேண்டும். அதனால் வரவுத் தகவல் எத்தனை வினாடியில் வருகிறது என்பதே முதல் சோதனை. சம்பள வாரத்து பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்), கூட்டம் நெரிந்து லைன் திணறும் நேரத்தில் ஒரு வெள்ளி அனுப்பிப் பாருங்கள். தொகையைச் சத்தமாகச் சொல்லும் சிறு பெட்டியைத் தரும் சேவைக்கு எங்கள் ஓட்டு. முதலாளி இல்லாத நேரத்தில் கடைப் பையனுக்கு அதுதான் துணை. தனிநபர் கியூஆரை வைத்துக் கடை நடத்தினால் தகவல் ஒரே போனுக்குத்தான் போகும், வீட்டுக் கணக்கும் கடைக் கணக்கும் கலந்துவிடும். வியாபாரிக் கணக்கு எடுக்கும்போது கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். 0.25 விழுக்காடு என்றால் 100 வெள்ளிக்கு 25 காசு. சிறு கடைகளுக்கு இதைத் தள்ளுபடி செய்யும் வங்கிகள் உண்டு.

செயலிகள் அதிகமாகக் காலை வாருவது போன் மாற்றும்போது. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைக் கைவிட்டு, ஒரே கருவியில் மட்டும் ஒப்புதல் தரும் முறைக்கு மாறும்படி 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளுக்கு அறிவித்தது. மோசடியைத் தடுக்க அது தேவைதான். ஆனால் புதுப் போனைப் பதிந்ததும் காத்திருப்பு நேரம் ஒன்று உண்டு, பல இடங்களில் 12 மணி நேரம். அதுவரை இருப்பைப் பார்க்கலாம், பணம் அனுப்ப முடியாது. சம்பள நாளுக்கு முந்தைய இரவில் போனை மாற்றாதீர்கள். புதியதில் ஒப்புதல் வேலை செய்யும்வரை பழையதை அழிக்காதீர்கள், ஏடிஎம் அட்டை கையில் இருக்கட்டும். ப்ரீபெய்ட் எண்ணை மாற்றுகிறவர்கள், முதலில் பழைய எண்ணுக்கான டுயிட்நவ் பதிவை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த எண் பழைய கணக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு அதே எண் இன்னொருவருக்குப் போனால், அவருக்கு என்று அனுப்பிய பணம் இங்கே வந்து விழும். அனுப்புகிறவரும் திரையில் வரும் பெயரைப் படிக்காமல் அழுத்தக் கூடாது. புதுப் போனில் செயலியைப் பதிவது, சம்பளத்துக்காகக் கணக்கு திறந்த தொழிலாளிக்கு லேசான வேலையல்ல. இதைப் பொறுமையாகச் சொல்லித்தரும் கவுண்டர் உள்ள வங்கிக்கு இங்கே இன்னும் மதிப்பு உண்டு.

2022 ஏப்ரலில் அனுமதி பெற்ற ஐந்து மின்னியல் வங்கிகளில் ஜிஎக்ஸ் பேங்க் 2023-இலும், ஏயான் பேங்க், பூஸ்ட் பேங்க் இரண்டும் 2024-இலும் வந்தன. கிளைச் செலவு இல்லாததால் வட்டியில் போட்டி போட அவற்றுக்கு இடம் இருக்கிறது. வங்கி கவிழ்ந்தால் வைப்புப் பணத்துக்குக் கிடைக்கும் பிஐடிஎம் பாதுகாப்பு மற்ற வங்கிகளைப் போலவே, ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரை. ஈ-வாலட்டில் கிடக்கும் பணத்துக்கு அது கிடையாது. சேமிப்புக்கான இரண்டாவது கணக்காக இவை நல்லவை. ரொக்கம் புரளும் கடைக்கு முதல் கணக்காகச் சரிப்படாது: நோட்டைக் கொண்டுபோய்ப் போடச் சொந்தக் கவுண்டர் இல்லை.

கணினி படுத்துவிட்டால்? முன்னறிவிப்பில்லாத முடக்கம் ஒரு தடவைக்கு 120 நிமிடத்துக்கு மேலும், 12 மாதத்தில் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேலும் போகக் கூடாது என்பது முக்கியக் கணினி அமைப்புகளுக்கு பேங்க் நெகாரா வைத்திருக்கும் வரம்பு. அந்த 120 நிமிடம் மாலை ஏழு மணிக்கு வந்தால் கடை என்ன செய்யும்? இரண்டு வங்கியின் கியூஆர் அட்டைகளை வைத்திருங்கள், ஒன்றை மேசைக்குள்ளே. வாரம் ஒருமுறை வெளியே உள்ள அட்டையை நீங்களே ஸ்கேன் செய்து, கடையின் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். மேலே வேறு அட்டையை ஒட்டிவிட்டுப் போகும் திருட்டு அப்படித்தான் பிடிபடும். பணம் மோசடியில் போனால் உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள். செயலியிலேயே கணக்கை முடக்கும் பொத்தான் இருந்தால் முதலில் அதை அழுத்துங்கள். அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.