மூன்று அடைமழை கண்ட ஜப்பான் கிட்டார்

கும்பகோணத்தில் மெல்லிசைக் குழு ஒன்றில் நெடுங்காலம் வாசித்து ஓய்ந்த பெரியவர் ஒருவரிடமிருந்து, ஜப்பானில் செய்யப்பட்ட பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிட்டார் ஒன்றை 82,000 ரூபாய்க்கு வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பணத்துக்குப் புதிய கிட்டாரே கிடைக்குமே என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், மூன்று ஐப்பசி மழையை அது தாண்டிய பிறகே பதில் எழுதத் துணிகிறேன்.

தன் கிட்டார்களைப் பார்த்து ஜப்பானியர் செய்து விற்ற நகல்களை அவர்கள் நாட்டிலேயே எதிர்கொள்ள, அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1982-இல் காண்டா ஷோகாய், யமானோ கக்கி என்னும் இரு ஜப்பானிய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கியது. செய்யும் வேலை, இபானெஸ், கிரெக்கோ கிட்டார்களில் கைதேர்ந்திருந்த மாட்சுமோட்டோ நகரத்து ஃபுஜிஜென் ஆலைக்குப் போயிற்று. முதல் சில ஆண்டுகளில் வந்தவற்றின் வரிசை எண் ‘ஜேவி’ என்று தொடங்கும். என்னிடம் இருப்பது 1962-ஆம் ஆண்டு வடிவத்தைத் திரும்பச் செய்த எஸ்டி62-65 என்னும் மாடல். கடைசி எண் அன்றைய விலையான 65,000 யென்னைக் குறிக்கிறது. இதே வடிவத்தில் 1,15,000 யென்னுக்கும் ஒன்று விற்றார்கள். அதாவது, என் கையில் இருப்பது சாதாரண விலைக்குச் செய்த சரக்கு. அதில் இவ்வளவு நேர்த்தி இருப்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. கழுத்து உடலோடு சேரும் இடத்தில் ஒரு தாளைக்கூடச் செருக முடியாது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஃப்ரெட்டின் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோக மெட்டின்) முனை எதுவும் உள்ளங்கையில் இடறுவதில்லை.

தஞ்சாவூரில் வீணை செய்யும் ஆசாரி ஒருவரிடம் இதைக் காட்டினேன். வீணையில் மேளம் கட்டும்போது, அதாவது மெட்டுகளை அமைக்கும்போது, மெழுகின்மேல் 24 மெட்டுகளை ஊன்றுவார்கள். சுருதி விலகினால் மெழுகை இளக்கி மறுபடியும் கட்டிக்கொள்ளலாம். கிட்டாரில் மரத்தைக் கீறி மெட்டை இறக்கிவிடுவதால் செய்யும்போதே கணக்குத் தப்பாமல் இருந்தாக வேண்டும். அவர் கழுத்தின் ஓரமாகக் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டிவிட்டு, “கை தெரிஞ்சவன் வேலை, தம்பி” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஒலியைப் பற்றி: கழுத்தை ஒட்டிய பிக்கப்பில் (தந்தியின் அதிர்வை மின்னொலியாக்கும் காந்தச் சுருளில்) மெதுவாக வாசித்தால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே, உருண்டையாக விழுகிறது. பழைய திரைப்பாடல்களின் இடையிசைக்கு இதைவிட வேறு வேண்டாம். ஆனால், விரல்பலகை தட்டையாக இல்லாமல், 7.25 அங்குல ஆரத்தில் நன்றாக வளைந்திருக்கிறது. கமகத்துக்காக மேல் ஸ்தாயியில் தந்தியை ஒரு முழுச் சுரம் தள்ளினால், அது அடுத்த ஃப்ரெட்டில் உரசி ஒலி செத்துவிடுகிறது. தந்தியைச் சற்று உயர்த்திய பிறகே இது சரியானது. ஒற்றைச் சுருள் பிக்கப் என்பதால் ஜெனரேட்டரும் சீரியல் விளக்குகளும் சூழ்ந்த திருவிழா மேடையில் இரைச்சலும் கூடவே வருகிறது. பாட்டு நடக்கும்போது அது தெரியாது, பாடகர் மூச்சு விடும் இடத்தில் தெரியும்.

பெரிய குறை வேறொன்று. மழைக்காலத்தில் காற்றின் ஈரம் ஏறியதும் கழுத்து மெல்ல வளைகிறது. உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைத் திருகி அதை நிமிர்த்தலாம். ஆனால் திருகும் தலை, கழுத்தின் அடிப்புறத்தில் உடலுக்குள் மறைந்திருக்கிறது. தந்திகளைத் தளர்த்தி, நான்கு திருகுகளைக் கழற்றி, கழுத்தை வெளியே எடுத்து, கால் சுற்று திருகி, எல்லாவற்றையும் பூட்டிச் சுருதி சேர்த்த பிறகுதான் அந்தக் கால் சுற்று போதுமா என்பது தெரியவரும். என் கார்த்திகை ஞாயிறுகள் இப்படித்தான் கழிகின்றன. 1962-ஆம் ஆண்டு மூலத்திலும் இதே அமைப்புதான். அதன் தொல்லையையும் விடாமல் நகல் எடுத்த விசுவாசத்தை மெச்சுவதா, நொந்துகொள்வதா என்று தெரியவில்லை.

வாங்க நினைப்பவர்கள் விற்பவரின் கதையைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். எழுபதுகளின் ஜப்பான் கிட்டார் எதுவாயினும், அமெரிக்க நிறுவனமே வழக்குப் போடும் அளவுக்கு அச்சு அசலான நகல் என்ற பொருளில் ‘வழக்குப் போட்ட கிட்டார்’ என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சனின் தாய் நிறுவனம் நார்லின் 1977-இல் தொடுத்த வழக்கோ, இபானெஸின் அமெரிக்க விநியோகஸ்தரான எல்ஜர்மீது, கிட்டாரின் தலைப்பகுதி வடிவம் குறித்து மட்டும் போடப்பட்டது. அடுத்த ஆண்டே சமரசத்தில் முடிந்தது. ‘ஜேவி’ எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அந்த எண் பொறித்த தகட்டை நான்கு திருகுகளே பிடித்திருக்கின்றன. எந்தக் கிட்டாரிலும் அதை மாட்டிவிடலாம். உள்ளே இருக்கும் அடையாளங்களும் அந்த எண்ணோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க, கழுத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பெரியவர் நான் கேட்கும் முன்பே திருப்புளியை எடுத்து வந்தார். அதற்கு முன் இணையத்தில் பேசிய ஒருவரோ, கழற்றச் சொன்னதும் அழைப்பைத் துண்டித்தார்.

ஃபெண்டர் என்ற பெயரைப் பெரிதாகக் கருதாதவர்கள் டோக்காய், கிரெக்கோ, ஆரியா ப்ரோ டூ ஆகிய பிற ஜப்பானியக் கிட்டார்களையும் பார்க்கலாம். எதை எடுத்தாலும் ஃப்ரெட்டின் உயரத்தில் பாதியாவது மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் முதல் ஐந்து தேய்ந்து பள்ளமாகிவிட்டன. அவற்றை மாற்றச் சென்னைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அந்தச் செலவையும் 82,000-த்தோடு சேர்த்தே கணக்கில் வைத்திருக்கிறேன்.