மெய்நிகர் களப்பணி: சில ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்ததில்

எட்டாத தொலைவில் வாழும் சமூகங்களைப் பற்றி, பல துறை மாணவர்கள் சேர்ந்து படிக்கும் வகுப்பு ஒன்றை நடத்துகிறேன். நேரில் போகாமல் வகுப்பிலிருந்தே ஓர் இடத்தைப் பார்த்துப் படிப்பதைத்தான் மெய்நிகர் களப்பணி என்கிறேன். கூகுள் எர்த், பழைய செயற்கைக்கோள் படங்கள், 360 டிகிரி காணொளி, அந்த ஊர்க்காரர்களோடு நேரலை உரையாடல், இவைதான் கருவிகள். தொடங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் அனுபவம் உதவலாம்.

நான் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்வது தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள டிரிஸ்டன் ட குன்யா தீவை. அங்கே 250-க்கும் குறைவானவர்களே வசிக்கிறார்கள். விமான நிலையம் கிடையாது. கேப் டவுனிலிருந்து கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஒரு வகுப்பையே அங்கே கூட்டிப்போவது நடக்கிற காரியமா? ஆனால் மேலிருந்து எடுத்த படம் ஒன்றே ஒரு மணி நேரப் பேச்சுக்குப் போதும். குடியிருப்பை ஒட்டிக் கறுப்பாக ஒரு திட்டு தெரியும். 1961-இல் வெடித்த எரிமலையின் குழம்பு உறைந்த இடம் அது. நிலவியல் மாணவர்கள் அதை உடனே பிடித்துவிடுவார்கள். சிங்கி இறால் பதப்படுத்தும் ஆலை அந்தக் குழம்பில் அழிந்தது என்றதும் பொருளியல் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தீவு மக்கள் அனைவரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் 1963-இல் திரும்பி வந்துவிட்டார்கள். ஏன் வந்தார்கள்? இதற்கு எந்தத் துறையாலும் தனியாகப் பதில் சொல்ல முடியாது. அந்த இடத்தில்தான் வகுப்பு உண்மையில் தொடங்குகிறது.

தலையில் மாட்டும் விஆர் (மெய்நிகர் காட்சி) கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிலருக்குத் தலை சுற்றுகிறது. அதைவிட, மாட்டிக்கொண்டதும் ஒவ்வொருவரும் தனித்தனியாகிவிடுகிறார்கள். குறிப்பெடுக்க முடியாது, பக்கத்தில் இருப்பவரோடு வாதாட முடியாது. ஒரே பெரிய திரை போதும். இலவசப் படங்களுக்கும் எல்லை உண்டு: லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு படப்புள்ளி தரையில் 30 மீட்டரைக் குறிக்கும், சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் 10 மீட்டரை. கரை அரிப்பையும் காட்டின் பரப்பையும் பார்க்கலாம், வீடுகளைப் பார்க்க முடியாது.

எனக்கு உண்மையில் கவலை தரும் குறை வேறு. கேமரா போவது படகு கரை சேர முடிந்த நாளில்தான். அதனால் காணொளியில் கடல் எப்போதும் சாந்தமாகவே இருக்கிறது. மாணவர்கள் அதைப் பார்த்துவிட்டு, துறைமுகத்தில் சிக்கலே இல்லை என்று எழுதுகிறார்கள். உண்மையில் பெரிய கப்பல் கரையை நெருங்க முடியாது. வெளியே நிற்கும் கப்பலிலிருந்து ஆளும் சரக்கும் சிறு படகில் இறங்க வேண்டும். அலை உயர்ந்தால் காத்திருக்க வேண்டும். இதை அங்கே வாழ்கிறவர் வாயால் கேட்டால்தான் மனதில் பதிகிறது. அதனால் நேரலை இல்லாத மெய்நிகர் களப்பணியை நான் அரைகுறை என்றே சொல்வேன். பேச வருபவரின் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். எதைப் பதிவு செய்யலாம் என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். 2016-இல் வடக்கு அட்லாண்டிக்கில் உள்ள ஃபரோ தீவுக்காரர்கள் ஆடுகளின் முதுகில் கேமரா கட்டித் தங்கள் ஊரைத் தாங்களே படம்பிடித்தார்கள். அந்த மாதிரிப் பதிவு கிடைத்தால் முதலில் அதையே காட்டுகிறேன்.

அப்புறம் ஒன்று: நேரலையைக் கல்விப் பருவத்தின் கடைசிக்குத் தள்ளாதீர்கள். படம் பார்த்து எழுந்த கேள்விகள் சூடு ஆறுவதற்குள் இரண்டாம் வாரத்திலேயே வையுங்கள். கடைசியில் இன்னொரு முறை அவரையே அழைத்து, மாணவர்கள் எழுதியதைப் படித்துக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.