‘முக்கா எல்போ’ என்று அடித்தால் வர வேண்டும்: கடையில் டேலி, எட்டு வருட அனுபவம்

எங்களுடையது பைப், ஃபிட்டிங்ஸ் கடை. மொத்தமும் உண்டு, சில்லறையும் உண்டு. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் வேறு வழியில்லாமல் டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் வாங்கினோம். இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். கணக்குப் பார்ப்பவர் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார். கவுண்டர் பையன்கள் ஆறு மாதமாகியும் சிட்டையில்தான் பில் எழுதினார்கள். கடை சாத்தியபின் நான் உட்கார்ந்து ஏற்றுவேன்.

சோம்பல் என்றுதான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கூட்ட நேரத்தில் நானே கவுண்டரில் உட்கார்ந்தேன். வந்தவர் ‘முக்கா எல்போ பத்து’ என்கிறார், அதாவது முக்கால் இஞ்சு பைப்பைத் திருப்பி இணைக்கும் வளைவு பத்து. நான் ஏற்றி வைத்திருந்ததோ கம்பெனி விலைப்பட்டியலில் உள்ளபடி, எல்லாம் மில்லிமீட்டரில். சாதா பி.வி.சி.யில் 25 எம்எம் என்றால் முக்கால் இஞ்சு; சுடுதண்ணீருக்கும் தாங்கும் சி.பி.வி.சி.யில் அதே 25 எம்எம் ஒரு இஞ்சு. எதிரே ஆள் நிற்கும்போது இதை யோசித்துத் தேடுவதற்குள் சிட்டையில் மூன்று பில் போட்டுவிடலாம்.

டேலியில் ஒவ்வொரு சரக்குக்கும் மாற்றுப்பெயர் கொடுக்க இடம் இருக்கிறது. பையன்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் வாயில் வருகிற பெயரையே இங்கிலீஷ் எழுத்தில் போட்டோம். நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது, பிரியாணி செலவு என்னுடையது. அப்புறம் சிட்டை தானாகவே குறைந்தது.

குடோன் அண்ணன் விஷயம் வேறு. சரக்கு வரவைப் பதியச் சொன்னால் தலையாட்டுவார், பதிய மாட்டார். “ஸ்டாக் குறைஞ்சா என் தலையிலதானே விழும், தம்பி?” என்று ஒருநாள் கேட்டேவிட்டார். நியாயம்தான். உடைந்தது, அவசரத்துக்கு எழுதாமல் எடுத்துப் போனது எல்லாம் யார் கணக்கு? உடைசலுக்குத் தனிப் பதிவு வைத்தோம். முதல் வருடம் எவ்வளவு குறைந்தாலும் கேட்பதில்லை என்று அப்பாவே வாயால் சொன்னார். அதற்குப் பிறகுதான் குடோன் அண்ணன் கை கீபோர்டுக்கு வந்தது.

2021-ல் டேலியின் புதிய பதிப்பான பிரைமுக்கு மாறியபோது பெரிய சிரமம் இல்லை. சரக்கு திரும்பி வந்தால் போடும் கிரெடிட் நோட்டுக்கு அதில் ஆல்ட் எஃப்6 அழுத்த வேண்டும். கை மட்டும் பழக்கத்தில் பழைய டேலியின் கன்ட்ரோல் எஃப்8-க்கே போகும். கணக்கர் ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டினார். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை.

துண்டு பைப் மட்டும் இன்றுவரை டேலிக்குள் ஒழுங்காக வரவில்லை. 20 அடியில் ஏழு அடி வெட்டிக் கொடுத்தால் மீதி 13 அடி எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் குடோன் சுவரில் சாக்பீஸ் கணக்குதான். காலையில் கவுண்டர் பையன் போய் அதை போனில் போட்டோ எடுத்துக்கொண்டு வருவான்.