லாரிப் பட்டை என்று சொல்லி வந்த, பதம் ஏறாத பச்சை இரும்பு: கைவேலைக் கத்திக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் கவனிக்க

உலையில் பொறி பறக்கும் வீடியோவைப் போட்டு, "நீங்கள் வரைந்து கொடுங்கள், நாங்கள் அடித்துத் தருகிறோம்" என்று ஆர்டர் எடுக்கும் இன்ஸ்டாகிராம் பக்கம் ஒன்றில் 4,800 ரூபாய் கட்டி ஏமாந்திருக்கிறேன். பக்கத்தின் பெயரை எழுதவில்லை. இதே வேலையைப் பல பேர் செய்கிறார்கள், அதனால் ஆளைவிட வேலையைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு உதவும்.

எனக்கு வேண்டியிருந்தது தோப்பு வேலைக்கு இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு கத்தி. அரிவாள் மட்டை வெட்டும், ஆனால் சொட்டுநீர்க் குழாயை அளவாக அறுக்கவோ, சாக்குத் தையல் பிரிக்கவோ, மதியம் ஒரு மாங்காய் நறுக்கவோ தோதுப்படாது. சமையலறைக் கத்தி தென்னை மட்டையில் ஒரு போடு தாங்காது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். அலகு 5½ அங்குலம், முதுகு 4 மில்லிமீட்டர் கனம், முனையை நோக்கி முதுகு லேசாகத் தாழ வேண்டும், முனைக்குச் சற்று முன்னால் வாய்ப்பக்கம் கொஞ்சம் வயிறு. பிடி 4½ அங்குலம். பிளைவுட்டில் அச்சு வெட்டி, கையில் பிடித்துப் பார்த்து, சுண்டுவிரல் உட்காரும் இடத்தை அரத்தால் தேய்த்துச் சரிசெய்து, அளவோடு படம் எடுத்து அனுப்பினேன். மட்டை வெட்டுவேன், முதுகில் கட்டையால் தட்டிச் சிராய் பிளப்பேன் என்பதையும் எழுதித்தான் அனுப்பினேன்.

இரும்பு லாரிப் பட்டை, அதாவது லாரிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டை, என்று பேச்சு. அதில் கார்பன் ஏறக்குறைய 0.6 சதவீதம் இருக்கும். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் இறுகிவிடும். அப்புறம் 200 டிகிரி வாக்கில் கொஞ்ச நேரம் சூட்டில் வைத்து எடுத்தால், பொடுக்கென்று உடையாமல் கூர் நிற்கும் பதத்துக்கு வரும். ஊர்ப் பட்டறைகளில் அரிவாளுக்கு இதைத்தான் தேடி வாங்குகிறார்கள். "ஃபுல் டேங் போட்டுத் தரேன் ப்ரோ" என்றும் பக்கத்தை நடத்துபவர் சொன்னார். அதாவது அலகின் இரும்பே பிடியின் கடைசி வரை ஒரே துண்டாக ஓடும், இருபுறமும் மரத்தை வைத்து ஆணி அடித்து இறுக்குவார்கள். முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

பெட்டியைத் திறந்தால் யாருக்கும் மனம் குளிர்ந்துவிடும். ஈட்டி மரப் பிடி, மூன்று பித்தளை ஆணி, தோல் உறை, அலகு முழுக்க அலை அலையாகக் கோலம். கோலம் நான் கேட்காதது. என்ன இது என்றால், "நம்ம கிஃப்ட் ப்ரோ, கொடுமணல் வூட்ஸ் ஸ்டீல்" என்றார். ஒரே கத்தி லாரிப் பட்டையாகவும் வூட்ஸாகவும் எப்படி இருக்க முடியும்? வூட்ஸ் என்பது மூடிய மண் மூசைக்குள் (உலோகம் உருக்கும் கிண்ணம்) இரும்போடு கரிப்பொருளை வைத்து உருக்கி எடுப்பது. கார்பன் 1 சதவீதத்துக்கு மேல் போகும், கொஞ்சம் சூடு கூடினாலும் அடிக்கும்போது நொறுங்கும். ஈரோடு மாவட்டத்தில் அகழாய்வு நடந்த கொடுமணலில் பழைய உலைகளும் மூசைகளும் கிடைத்தது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு ஆன்லைனில் இப்படியெல்லாம் வியாபாரம் நடக்கிறது.

கூர் நன்றாகவே இருந்தது, காகிதம் சர்ரென்று அறுந்தது. சாணை பிடித்தால் எந்த இரும்பும் காகிதம் வெட்டும், அது சோதனையே அல்ல. காய்ந்த மட்டையின் அடிப்பகுதியில் நாலு வெட்டு விழுந்ததும் வாய் மடங்கிவிட்டது. நகத்தை ஓட்டினால் ஒரு பக்கமாகச் சுருண்டு நிற்பது தட்டுப்பட்டது. கல்லில் தீட்டினேன், மறுபடியும் அதே கதி. சிராய் பிளக்கத் தட்டியபோது பிடி கையில் நின்றது, அலகு தனியாகத் தெறித்துக் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. காலில் பட்டிருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

இரண்டு துண்டையும் எங்கள் ஊர்ப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். ஆசாரி முதலில் பிடியைப் பிளந்தார். அலகு உள்ளே ஒரு அங்குலம்தான் போயிருந்தது, அதன் நுனியில் ஒரு கம்பியை வெல்டிங் வைத்து, சுற்றிலும் எபாக்சிப் பசையை நிரப்பியிருந்தார்கள். பித்தளை ஆணி எதுவும் மறுபக்கம் வரை போகவில்லை, இருபுறமும் தலை மட்டும் ஒட்டியது. அப்படியானால் பிடியின் முதுகில் இரும்புக் கோடு தெரிந்ததே? அது மரத்தில் காடி எடுத்து ஒட்டிய அலுமினியக் கீற்று. இவ்வளவு மெனக்கெட்ட கைக்கு ஒழுங்கான கத்தி செய்யவே நேரம் இருந்திருக்கும்.

அடுத்து கிரைண்டர். லாரிப் பட்டைத் துண்டு ஒன்றைக் கல்லில் வைத்துக் காட்டினார், பொறி கொஞ்ச தூரம் போய் மத்தாப்பு போலக் கிளைத்து வெடித்தது. என் கத்தியை வைத்ததும் நீளநீளமான கோடுகள், நுனியில் ஒன்றிரண்டு பிரிவு, அவ்வளவுதான். பிறகு முனையை வெட்டி எடுத்து, காந்தம் ஒட்டாத சூட்டையும் தாண்டக் காய்ச்சி, தண்ணீரிலேயே தோய்த்தார். லாரிப் பட்டையை இப்படித் தண்ணீரில் போட்டால் கல்லாக இறுகும், வெடிப்பு விடுவதும் உண்டு. இதற்கு ஒன்றும் ஆகவில்லை. அரத்தை வைத்து இழுத்தார், தூள் கொட்டியது.

"இதுல பதம் ஏறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க தம்பி. ஜன்னலுக்கும் கேட்டுக்கும் போடற பட்டைங்க இது."

கோலத்தை வீட்டில் நானே பார்த்தேன். 400 நம்பர் எமரித் தாளால் தேய்த்ததும் போய்விட்டது. இரண்டு வகை இரும்பை அடுக்கி உலையில் ஒட்டவைத்த நிஜ டமாஸ்கஸாக இருந்தால், இரும்பை அரிக்கும் பெர்ரிக் குளோரைடு பூசியதும் கோடுகள் திரும்ப எழும். அடுக்கில் நிக்கல் கலந்த இரும்பு கறுக்காமல் பளிச்சென்று நிற்பதால் வருவது அது. என் அலகு பூசிய இடமெல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டது.

எல்லாவற்றையும் வீடியோவாக அனுப்பினேன். பணம் கட்டும் வரை "ப்ரோ" என்றவர் இப்போது "சார்" ஆகிவிட்டார். "கைவேலைன்னா அப்படித்தான் சார், நீங்க மிஸ்யூஸ் பண்ணிட்டீங்க." சிராய் பிளப்பேன் என்று நான் முதலிலேயே எழுதியதைக் காட்டியதும் பிளாக். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, ஆனால் எதிர்த்தரப்பின் முகவரி வேண்டும். அந்தப் பக்கத்தில் முகவரி இல்லை, கூரியர் உறையில் இருந்ததும் ஊர்ப் பெயரும் ஒரு செல் நம்பரும்தான். வங்கியோ நாமே விரும்பி அனுப்பிய யூபிஐ பணத்தைத் திருப்ப வழியில்லை என்றது. ஆகவே முகவரியும் பில்லும் தராத ஆளிடம் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் போடாதீர்கள்.

முகவரி தருகிறவரிடமும் பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். பிடி மாட்டுவதற்கு முன், வெறும் இரும்பாக முழுக் கத்தியையும் வைத்து, பக்கத்தில் உங்கள் பெயரைச் சுண்ணக்கட்டியால் எழுதிப் படம் கேளுங்கள். அந்தப் படம் வந்த பிறகு இரண்டாம் தவணை. தோய்ச்சல் போட்ட கையோடு வாய்ப்பக்கத்தில் அரத்தை ஓட்டும் வீடியோவும் கேளுங்கள், அரம் கடிக்காமல் வழுக்க வேண்டும். எண்ணெயிலா தண்ணீரிலா, பிறகு எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் வைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வேலை தெரிந்தவர் இதற்கு அரை மணி நேரம் பேசுவார். கத்தி கைக்கு வந்ததும் பிடியின் முதுகில் தெரியும் இரும்புக் கோட்டில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள்.

அந்தப் பக்கத்தை இப்போது காணோம். ஆனால் எனக்கு முதலில் காட்டிய அதே படம் வேறு பெயருள்ள ஒரு பக்கத்தில் "கடைசி 2 மட்டும்" என்ற எழுத்தோடு வந்திருக்கிறது. ஈட்டிப் பிடி, பழுப்புத் தோல் உறை, உறையின் வாய்ப்பக்கத்தில் கடைசி இரண்டு தையல் விட்டுப் போயிருக்கும். அந்தப் படம் கண்ணில் பட்டால் ஆர்டர் போடாதீர்கள்.