வித்தை காட்டாத ஒரு பரிசோதனைப் பெட்டி: பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்புரை

சிறுவர்களுக்கென்று விற்கப்படும் அறிவியல் பெட்டிகளில் பெரும்பாலானவை வித்தை காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. எரிமலை பொங்குகிறது, திரவம் நிறம் மாறுகிறது, படிகம் வளர்கிறது. பார்ப்பவருக்கு வியப்பு உண்டாகிறது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அவற்றைப் பரிசோதனை என்று அழைப்பது பொருந்தாது. ஏனெனில் என்ன நடக்கும் என்பது அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது, எதையும் எதனோடும் ஒப்பிட வேண்டிய தேவை எழுவதில்லை, தவறான முடிவுக்கு வந்துவிடும் வாய்ப்பும் பிள்ளைக்குத் தரப்படுவதில்லை. நான் இங்கே மதிப்பிடும் பெட்டி, 12 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களுக்கு ஒரு பரிசோதனையை எவ்வாறு வடிவமைப்பது என்பதையே கற்றுத்தர முனைகிறது. என் அக்காள் மகளும் அவளுடைய தோழிகளும் இதிலுள்ள பரிசோதனைகள் அனைத்தையும் செய்து முடித்தார்கள். நான் உடனிருந்து பார்த்தேன், சிலவற்றில் பங்கெடுத்தும் கொண்டேன்.

பெட்டிக்குள் இருப்பவை எளிய பொருள்கள்தாம். இரண்டு வெப்பநிலைமானிகள், ஒரு நிறுத்துக்கடிகாரம், ஊசலுக்கான தாங்கியும் நூலும் மூன்று குண்டுகளும், 40 பயறு விதைகள், விதைத் தட்டுகள் இரண்டு, அவற்றை மூட ஒரே அளவிலான இரண்டு மூடிகள், 8 கோப்பைகள், எண் ஒட்டிகள், ஒரு பகடை, அளவு உருளை, நுரைத்துக் கரையும் மாத்திரைகள், கையேடு, பதிவேடு. பொருள்களின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இவற்றுள் விலைமதிப்புள்ளது பதிவேடுதான் என்பது என் கருத்து. ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் நான்கு கட்டங்களைப் பேனாவால் நிரப்ப வேண்டும். பென்சில் கூடாது என்று கையேடு வெளிப்படையாகச் சொல்கிறது. எதை மாற்றப் போகிறேன், எதை அளக்கப் போகிறேன், எவற்றையெல்லாம் மாறாமல் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்பவை முதல் மூன்று. இவை பள்ளிப் பாடநூல்களிலும் சாரா மாறி, சார்ந்த மாறி, கட்டுப்பாட்டு மாறி என்ற பெயர்களில் வருபவையே. நான்காவது கட்டம் இப்படிக் கேட்கிறது: நான் எதிர்பார்க்கும் முடிவு வேறு எந்தக் காரணத்தால் வந்திருக்கக்கூடும்? இந்த ஒரு கேள்விக்காகவே பெட்டியை வாங்கலாம் என்பேன். அதன் தேவையை உணர்த்த, கையேடு 17ஆம் நூற்றாண்டு வேதியியலாளர் வான் ஹெல்மாண்ட் செய்த வில்லோ மரப் பரிசோதனையை எடுத்துக்கொண்டிருப்பது மிகப் பொருத்தம். உலர்த்திய 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள கன்றை நட்டு, 5 ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வளர்த்து, பிறகு எடை பார்த்தபோது மரம் ஏறத்தாழ 169 பவுண்டு இருந்தது; மண்ணோ ஏறக்குறைய 2 அவுன்சு மட்டுமே குறைந்திருந்தது. மரத்தின் பொருள் மண்ணிலிருந்து வரவில்லை என்று அவர் கண்டது சரியே. ஆகவே அது முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்று முடித்ததுதான் பிழை. அவருடைய அளவீட்டில் குறையில்லை, நான்காவது கட்டம்தான் காலியாக இருந்தது. வாயுக்களைக் குறிக்கும் ‘காஸ்’ என்ற சொல்லையே உருவாக்கி, கரி எரியும்போது வெளிவரும் வாயுவைப் பற்றி எழுதியும் வைத்த ஒருவர், மரத்தைச் சுற்றியிருந்த காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்தப் பகுதியைப் படித்த பிறகு பிள்ளைகள் நான்காவது கட்டத்தை நிரப்ப எடுத்துக்கொண்ட நேரம் கூடியதை நான் கண்ணால் பார்த்தேன்.

பெட்டியின் மிகச் சிறந்த பகுதி நீர்ச்சுவைப் பரிசோதனை. கொதிக்க வைத்து ஆற்றிய நீருக்கும் கொதிக்க வைக்காத குடிநீருக்கும் சுவையில் வேறுபாடு தெரியும் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். அது உண்மையா என்று சோதிக்க வேண்டும். இரண்டு நீரையும் ஒரே இடத்தில் இரவு முழுவதும் வைத்து வெப்பநிலையைச் சமப்படுத்திய பிறகே தொடங்க வேண்டும் என்று கையேடு வற்புறுத்துகிறது. இல்லையென்றால் நாக்கு கண்டுபிடிப்பது சுவையையா, குளிர்ச்சியையா என்பது தெரியாமல் போய்விடும். ஒருவர் 4 கோப்பைகளில் ஒரு நீரையும் மற்ற 4 கோப்பைகளில் மற்றொன்றையும் ஊற்றி, அடியில் எண் ஒட்டி, பட்டியலை மறைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறுகிறார். எந்தக் கோப்பையில் எது என்று அறியாத இரண்டாமவர் அவற்றைக் கலைத்துப் பரிமாறுகிறார். வகைக்கு 4 கோப்பைகள் என்று மட்டும் அறிந்த மூன்றாமவர் சுவைத்து, எது எந்த நீர் என்று சொல்கிறார். பரிமாறுபவருக்கும் விடை தெரியக் கூடாது என்பதற்கு, குளம்பைத் தட்டி விடை சொல்லி, கணக்குப் போடும் குதிரை என்று ஜெர்மனியில் புகழ்பெற்ற ஹான்ஸின் கதை சொல்லப்படுகிறது. கேள்வி கேட்பவருக்கு விடை தெரிந்திருந்தால் மட்டுமே அந்தக் குதிரை சரியாகப் பதில் சொன்னது என்பதையும், கேட்பவர் தம்மை அறியாமல் செய்யும் நுண்ணிய உடல் அசைவுகளைக் கண்டே அது குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது என்பதையும் உளவியல் ஆய்வாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907இல் நிறுவினார்.

அடுத்து வரும் கணக்குதான் எனக்கு மிகவும் பிடித்தது. பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைச் சுவையாலேயே கண்டுபிடிப்பேன் என்று சொன்ன ஒரு பெண்மணியைச் சோதிப்பதற்குப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் வகுத்த முறை இதுவே. அதை அவர் 1935இல் விரிவாக எழுதினார். 8 கோப்பைகளிலிருந்து 4 கோப்பைகளைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. ஆகவே எதுவும் தெரியாத ஒருவர் எல்லாவற்றையும் குருட்டுவாக்கில் சரியாகச் சொல்ல 70இல் 1 பங்கு வாய்ப்பே இருக்கிறது. அக்காள் மகள் 6 கோப்பைகளைச் சரியாகச் சொல்லிவிட்டு, தன்னால் வேறுபாடு காண முடிகிறது என்று மகிழ்ந்தாள். கையேட்டின் அட்டவணையைப் புரட்டியபோது, வெறும் ஊகத்தாலேயே 6 அல்லது அதற்கு மேல் சரியாக அமைய 70இல் 17 பங்கு வாய்ப்பு இருப்பது தெரிந்தது. அதாவது ஏறக்குறைய நான்கில் ஒன்று. அவள் முகம் வாடியது. சிறிது நேரத்தில், கோப்பைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் இந்த வாய்ப்பு எப்படி மாறும் என்று அவளே கேட்டாள். தற்செயல் என்பதை ஓர் எண்ணாகப் பிடித்துப் பார்க்கும் அனுபவத்தை இந்த வயதில் தரும் வேறு பெட்டி எதையும் நான் கண்டதில்லை.

விதை முளைப்புப் பரிசோதனையும் கவனமாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது, ஓரிடத்தைத் தவிர. ஒளி இருந்தால் விதை விரைவாக முளைக்குமா என்பதே கேள்வி. எந்த விதை எந்தத் தட்டுக்குச் செல்ல வேண்டும் என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. ஒற்றைப்படை விழுந்தால் முதல் தட்டு, இரட்டைப்படை விழுந்தால் இரண்டாவது, ஒன்றில் 20 நிறைந்ததும் மீதி அனைத்தும் மற்றதற்கு. கையால் பொறுக்கினால் பிள்ளை தன்னை அறியாமலே திரண்ட விதைகளைத் தனக்குப் பிடித்த தட்டில் போட்டுவிடும் என்பதால் இந்தச் சமவாய்ப்பு முறை. ஒரு தட்டைக் கறுப்பு மூடியால் மூடும்போது மற்றொன்றை ஒளி புகும் மூடியால் மூடச் சொல்வது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. இருட்டுத் தட்டை மட்டும் மூடியிருந்தால் அதில் ஈரமும் காயாமல் நின்றிருக்கும். வேறுபாடு தோன்றினால் அது இருளால் வந்ததா, ஈரத்தால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வேர்முனை 2 மில்லிமீட்டர் வெளிவந்தால்தான் முளைத்ததாகக் கணக்கு என்று முன்னதாகவே வரையறுத்திருப்பதும் நன்று. ஆனால் இறுதியில் ஒளித் தட்டில் 18 விதைகளும் இருட்டுத் தட்டில் 17 விதைகளும் முளைத்திருந்தபோது, அந்த ஒரு விதை வேறுபாட்டை எப்படிப் புரிந்துகொள்வது என்பதற்குக் கையேட்டில் ஒரு சொல்கூட இல்லை. நீர்ச்சுவையில் தற்செயலை அவ்வளவு தெளிவாக எண்ணிக் காட்டியவர்கள், இங்கே ‘எதில் அதிகம் முளைத்தது?’ என்று மட்டும் கேட்டு ஒரு கோடு போட்டு நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் அந்தக் கோட்டில் ‘ஒளியில்’ என்று எழுதினார்கள். கேட்ட கேள்விக்கு அது சரியான விடை; குறை கேள்வியில்தான் இருக்கிறது.

ஊசல் பரிசோதனையில் இருப்பது வடிவமைப்புப் பிழை. குண்டின் நிறை மாறினால் அலைவு நேரம் மாறுமா என்று காண்பதற்காகச் சிறிய எஃகு குண்டு, நடுத்தரக் கண்ணாடிக் குண்டு, பெரிய மரக் குண்டு என மூன்று தந்திருக்கிறார்கள். நூலின் நீளத்தை 30 சென்டிமீட்டராக மாறாமல் வைத்துக்கொள்ளும்படி கையேடு சொல்கிறது. ஊசலின் நீளம் நூலோடு முடிவதில்லை. தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் நடுப்புள்ளி வரை அது நீள்கிறது. மரக் குண்டின் ஆரம் 2 சென்டிமீட்டர், எஃகு குண்டின் ஆரம் அரை சென்டிமீட்டர். எனவே ஓர் ஊசலின் உண்மை நீளம் 32, மற்றொன்றின் நீளம் 30.5. ஓர் அலைவுக்கு இதனால் வரும் வேறுபாடு ஏறத்தாழ 0.03 நொடிதான், ஆயினும் கையேடு சொல்கிறபடி 20 அலைவுகளைச் சேர்த்து அளக்கும்போது அது அரை நொடிக்கு மேல் வளர்ந்து, நிறுத்துக்கடிகாரத்தில் ஒவ்வொரு முறையும் தெளிவாகத் தெரிகிறது. நிறையைப் பொருத்து அலைவு நேரம் மாறுகிறது என்ற முடிவுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். தாங்கள் அளந்தவற்றைப் பார்த்தால் வேறு எந்த முடிவுக்கும் அவர்களால் வந்திருக்க முடியாது. நிறையை மாற்றியபோது அளவும் கூடவே மாறிவிட்டது என்பதுதான் சிக்கல். ஒரே அளவுள்ள மூன்று குண்டுகளைத் தந்திருந்தாலோ, நடுப்புள்ளி வரை அளக்கச் சொல்லியிருந்தாலோ இது நேர்ந்திருக்காது.

அதைவிடக் கவலை தந்தது அந்த அத்தியாயத்தின் கடைசி வரி. ‘மூன்று குண்டுகளுக்கும் ஒரே நேரம் வந்திருக்க வேண்டும், வராவிட்டால் மீண்டும் செய்து பாருங்கள்’ என்று அங்கே அச்சிட்டிருக்கிறார்கள். எதிர்பார்த்த விடை வரும்வரை திரும்பத் திரும்ப அளந்து, வந்ததும் நிறுத்திக்கொள்ளும் பழக்கத்தைத்தான் இந்த வரி கற்பிக்கிறது. பிடித்த முடிவையும் பிடிக்காத முடிவையும் ஒரே கண்டிப்போடு மறுபடி சோதிக்க வேண்டும்; எத்தனை முறை அளப்பது என்பதைத் தொடங்குவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். பேனாவால் எழுதச் சொன்ன பதிவேட்டின் நேர்மைக்கு இந்த வரி நேர் எதிராக நிற்கிறது. பிள்ளைகளில் ஒருத்தி, வந்த எண்களை விட்டுவிட்டு வரவேண்டிய எண்களை எழுதிவிடலாமா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அவளைப் பொறுப்பாக்க மாட்டேன்; அதை அவள் வாயில் வைத்தது கையேடு. நான்காவது கட்டத்தை மறுபடி பார்க்கச் சொன்னதும், மூன்று குண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்து, அளவு வேறுபாட்டை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

மாத்திரை கரையும் பரிசோதனை சிறியதானாலும் நேர்த்தியானது. மாத்திரையின் துண்டு கண்ணுக்குத் தெரியாமல் போகும்போது கடிகாரத்தை நிறுத்துவதா, குமிழி அடங்கும்போது நிறுத்துவதா என்பதை முதலில் முடிவு செய்யாவிட்டால் இருவர் அளக்கும் நேரங்கள் ஒத்துப்போவதில்லை என்பதைப் பிள்ளைகள் தாமே உணரும்படி அமைத்திருக்கிறார்கள். இரண்டு வெப்பநிலைமானிகளையும் முதலில் ஒரே நீரில் இட்டு, அவை ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்று பார்க்கச் சொல்வதும் நல்ல பழக்கம்.

வரலாற்றுப் பக்கங்களில் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் பற்றிய பகுதி திருத்தப்பட வேண்டும். 1747இல் சாலிஸ்பரி என்ற கப்பலில் ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறைபாட்டு நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒரே இடத்தில் வைத்து, ஒரே அடிப்படை உணவைக் கொடுத்து, ஆறு வகை மருந்துகளை ஒப்பிட்டு, ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவாகத் தேறினர் என்று அவர் கண்டதைச் சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் ‘உடனே நோய் ஒழிந்தது’ என்று முடித்திருப்பது உண்மையல்ல. பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795இல்தான். ஒரு குழுவுக்கு இருவர் மட்டுமே என்பது போதுமா என்ற கேள்வியை இங்கே எழுப்பியிருந்தால் மாணவர்கள் நன்றாக விவாதித்திருப்பார்கள்.

குறைகளைச் சொன்ன பிறகும் இந்தப் பெட்டியை வாங்கச் சொல்லவே விரும்புகிறேன். குறிப்பாகப் பள்ளி ஆய்வகங்களுக்கும் நூலகங்களுக்கும். நீர்ச்சுவைக்கு மூன்று பேர் வேண்டும் என்பதால் தனியாக இருக்கும் பிள்ளைக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. வாங்குபவர்கள் மரக் குண்டை எடுத்துவிட்டு, எஃகு குண்டின் அளவிலேயே வேறொரு பொருளால் ஆன குண்டைத் தேடிச் சேர்த்துக்கொள்வது நல்லது. கிடைக்காவிட்டால் நடுப்புள்ளி வரை அளந்தாலே போதும். தயாரிப்பாளர்களிடம் நான் கேட்பது, அடுத்த பதிப்பில் ஒவ்வொரு அத்தியாயத்தின் இறுதியிலும் இருக்கும் விடைகளை எடுத்துத் தனி உறையில் ஒட்டித் தர வேண்டும் என்பதும், ‘வராவிட்டால் மீண்டும் செய்து பாருங்கள்’ என்ற வரியின் இடத்தில் ‘வந்ததை அப்படியே எழுதிவிட்டு நான்காவது கட்டத்துக்குத் திரும்புங்கள்’ என்று அச்சிட வேண்டும் என்பதுமே.