ஏற்றத்தில் இழுக்காத பழைய பெட்ரோல் கார்: பவர் போன காரணத்தைத் தேடிய அனுபவம்

என்னிடம் இருப்பது 2011 மாடல் 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். பெங்களூரில் பதிவான பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிப்படி வந்த) வண்டி, முதலிலிருந்தே நான்தான் ஓட்டுகிறேன். ஏசி, சஸ்பென்ஷன், கிளட்ச் எல்லாம் வயதுக்குத் தகுந்த செலவு வைத்தன. அவற்றைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தது எஞ்சினில் பவர் குறைந்துபோன கதைக்காக. இந்த ஒரு குறைக்காக நல்ல எஞ்சினைப் பிரித்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை.

நகருக்குள் இந்தக் குறை தெரியவே தெரியாது. சில்க் போர்டு, கே.ஆர்.புரம் பக்கம் 2000 ஆர்பிஎம்மைத் தாண்டும் வேலையே இல்லை. ஸ்டார்ட்டிங் சரி, ஐடிலிங்கும் சீர். ஆனால் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே திணறியது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் 3000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற மறுத்தது. லாரிகள் ஹாரன் அடித்தபடி தாண்டிப் போயின.

முதலில் பார்க்க வேண்டியது, பவர் எஞ்சினில் குறைகிறதா, சக்கரத்துக்குப் போகும் வழியில் வீணாகிறதா என்பதுதான். கிளட்ச் வழுக்கினால் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. என் வண்டியில் ஆர்பிஎம்மே ஏறவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால், கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் அந்தச் சக்கரத்து ரிம் மட்டும் அதிகமாகச் சுடும். அதுவும் இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் பிளக், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள். பிறகு ஃப்யூயல் பம்ப் என்றார்கள். கடைசியில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்) கம்மி, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை இறக்க வேண்டும் என்றார்கள். நாலு சிலிண்டரிலும் 160 பிஎஸ்ஐ அளவில் இருந்தது, புத்தகத்தில் 180.

இங்கேதான் பெங்களூர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்றால் இங்கே 91 பக்கம்தான். டர்போ இல்லாத எஞ்சினுக்குள் போகும் காற்றே பத்தில் ஒரு பங்கு குறைவு. கம்ப்ரஷனும் ஏறக்குறைய அதே அளவு குறைந்துதான் காட்டும். புத்தகத்தில் இருப்பது கடல்மட்டக் கணக்கு. நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால், இந்த 160 இங்கே ஆரோக்கியமான எண். ஹெட்டைத் தொட விடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் கையில் எடுத்தது ப்ளூடூத் ஓபிடி அடாப்டர், வண்டியின் கம்ப்யூட்டரில் இருப்பதைப் போனில் காட்டும் சின்னக் கருவி. கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் ஃபால்ட் கோட் ஒன்றும் இல்லை. பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள், ஆனால் விஷயம் ஓடும்போது வரும் எண்களில் இருக்கிறது. அத்திப்பள்ளி தாண்டி ரோடு காலியானதும் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தேன். பக்கத்தில் மச்சான் போனைப் பார்த்து வாசித்துக்கொண்டே வந்தான். இன்டேக்கில் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் 89 கிலோபாஸ்கல் காட்டியது. வெளிக்காற்று 91, உள்ளே 89 என்றால் ஏர் ஃபில்டரும் த்ராட்டிலும் எதையும் மறிக்கவில்லை. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்க்கும் முன்பக்க ஆக்சிஜன் சென்சார் 0.85 வோல்ட்டுக்கு மேலேயே நின்றது, அதாவது ஆக்சிஜன் மிஞ்சவில்லை. அப்படியென்றால் பெட்ரோலுக்குப் பஞ்சமில்லை, பம்ப்பைச் சந்தேகிக்க வேண்டாம். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் காரணம் என்று நண்பர்கள் அடித்துச் சொன்னார்கள். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் அடி வாங்குவது நிஜம். ஆனால் 3000 ஆர்பிஎம்மில் சுவர் எழுப்பியது போல எஞ்சின் நிற்பதற்கு அது போதாது.

காற்று வருகிறது, பெட்ரோல் வருகிறது, பிளக் புதுசு. மிச்சம் இருப்பது புகை வெளியே போகும் வழி. இந்த மாதிரி பெட்ரோல் கார்களில் எக்ஸாஸ்ட் அழுத்தத்தைப் பார்க்க சென்சாரே கிடையாது, அதனால்தான் கோட் வரவில்லை.

ஸ்ரீராம்புரத்தில் நம்ம ஆள் ஒருவர், பழைய கார்புரேட்டர் காலத்து மெக்கானிக். அவரிடம் இன்டேக்கின் உறிஞ்சும் அழுத்தத்தை அளக்கும் வேக்குவம் கேஜ் இருந்தது. இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு ஹோஸைக் கழற்றி மாட்டினார். ஐடிலிங்கில் 16 அங்குலம் (பாதரச அளவு). கடல்மட்டத்தில் 18 முதல் 21 வரை வர வேண்டும், இங்கே மூன்று அங்குலம் குறைத்துக்கொண்டால் சரியான அளவுதான். பிறகு 2500 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொன்னார். ஊசி முதலில் 16-க்கே வந்தது. அப்புறம் நிற்காமல் மெதுவாக இறங்கியது. 15, 14, 12.

“புகை வெளிய போக வழியில்லாம உள்ளயே தேங்குதுப்பா. கன்வெர்ட்டர் அடைச்சிருக்கு” என்றார். புகையின் நச்சைக் குறைக்க எக்ஸாஸ்டில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத்தான் சொன்னார்.

“உறுதியா சொல்ல முடியுமாண்ணா?” என்று கேட்டேன். முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிரஷர் கேஜைத் திருகினார். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். 6-ஐத் தாண்டியது. அதற்கு மேல் விவாதமில்லை.

கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூட்டில் பாதிக்கு மேல் உருகி, கண்ணெல்லாம் மூடிப் பளபளவென்று கிடந்தது. முன்பு இரண்டாவது சிலிண்டரில் இக்னிஷன் காயில் போய் மிஸ்ஃபயர் ஆனது, அதாவது பெட்ரோல் சிலிண்டரில் சரியாகப் பற்றவில்லை. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்தால் சூடு எக்கச்சக்கமாக ஏறும். காயில் மாற்றியதும் எஞ்சின் சரியாகிவிடும், உருகிய பீங்கான் சரியாகாது. மிஸ்ஃபயரைக் கண்காணிக்கும் வண்டிகளில் செக் எஞ்சின் விளக்கு மினுக்கினால் உடனே ஓரம்கட்டச் சொல்வது இதற்காகத்தான்.

உள்ளே இருப்பதை உடைத்துக் காலி பைப்பாக ஓட்டலாம், செலவே இல்லை என்று ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் சொன்னார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. பிஎஸ்4 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அந்தப் புகையைச் சிக்னலில் நிற்கும் ஸ்கூட்டர்க்காரர் சுவாசிக்கிறார். புது கன்வெர்ட்டரே போட்டேன். வேக்குவம் ஊசி இப்போது 2500-ல் அசையாமல் நிற்கிறது, தொப்பூரில் நாலாம் கியரிலேயே ஏறுகிறது.

கருவிகளைப் பற்றி: ஓபிடி அடாப்டர் மலிவு, ஆனால் ஒரே நேரத்தில் பத்து அளவைக் கேட்டால் தடுமாறும். இரண்டு மூன்று மட்டும் போதும். வண்டி நிற்கும்போது அடாப்டரைக் கழற்றாமல் ஓபிடி சாக்கெட்டிலேயே விட்டுவைத்தால் பேட்டரியைத் தின்னும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் வேக்குவம் கேஜைத்தான் சொல்வேன். ஆயில் மாற்றும்போதெல்லாம் ஐடிலிங்கிலும் 2500-லும் அளந்து நோட்டில் எழுதி வைக்கிறேன்.

கன்வெர்ட்டர் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் பழசுக்கும் நல்ல விலை உண்டு. புதியதன் பில்லில் அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லலாம்.